எந்த மணிநேரத்துக்கு எந்த வழி? ஏடிஎச்டியும் மருந்து முடிவும்

ஏடிஎச்டிக்கு, அதாவது கவனக்குறைவோ அளவுமீறிய துறுதுறுப்போ இரண்டுமோ கொண்ட குறைபாட்டுக்கு, மருந்துச் சீட்டு வீட்டுக்கு வந்த அன்றே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். “எட்டு வயதில் மூளைக்கு மாத்திரையா?” என்பது ஒரு பக்கம். “டைரியில் டீச்சர் எழுதாத நாளே இல்லை, இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?” என்பது மறுபக்கம். தாத்தா இருந்தால், “இவன் அப்பனும் இப்படித்தான் துறுதுறுவென்று இருந்தான், வளர வளரச் சரியாகவில்லையா?” என்று சேர்த்துக்கொள்வார். பேச்சு முடியாமல் சீட்டு ஃபிரிட்ஜின் மேல் கிடக்கும்.

இந்தப் பேச்சின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். ஏடிஎச்டியோடு வளர்ந்தவள் நான். ஓடியாடி வகுப்பைக் கலைக்கும் பையனை டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். ஜன்னலைப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் அழைத்துப் போவதில்லை. வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு இது என்னவென்று தெரிந்தது. இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகனுக்கும் சென்ற ஆண்டு இதே குறைபாடு உறுதியானது. “சித்தியாகச் சொல்லாதே, பட்டவளாகச் சொல்” என்றாள் அக்கா. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மருந்து கொடுக்கலாமா, வேண்டாமா என்று மட்டும் கேட்டால் பேச்சு சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கு வரும். இருக்கிற வழிகள் ஒவ்வொன்றும் நாளின் வெவ்வேறு மணிநேரங்களில் வேலை செய்கின்றன. ஒன்று காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை துணை நிற்கும். இன்னொன்று நாள் முழுக்க மெல்லிதாக இருக்கும். மற்றொன்று அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் நடக்கும். ஆகவே குழந்தையின் நாள் எங்கே உடைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வழியை அதற்குப் பிறகு தேடலாம்.

அக்காவை ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னேன். காலை ஆறரையிலிருந்து எட்டு வரை: பல் தேய்க்கப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு எறும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது ஒரு காலில்தான் சாக்ஸ் இருக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை: கணக்கில் முதல் மூன்று சரி, மீதி வெற்றிடம். மதியம்: சண்டை. மாலை: விளையாட்டில் ஒரு குறையும் இல்லை. ஏழிலிருந்து ஒன்பது: பத்து வரி எழுத இரண்டு மணிநேரம், கடைசியில் அழுகை, சில நாள் அடி. இப்படி எழுதிப் பார்த்தபோதுதான் பள்ளிப் புகார் எது, பையனின் வேதனை எது என்று பிரிந்து தெரிந்தது. வகுப்பில் எழுந்து நடப்பது டீச்சருக்குத் தொல்லை. “எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?” என்று ராத்திரி கேட்பது அவனுடைய வேதனை. முடிவு இரண்டாவதற்காக எடுக்கப்பட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

முடிவுக்கு முன்னால்

நோயறிதல் சரியாக நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுதித் தரும் சீட்டை வைத்து இந்த முடிவை எடுக்க முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்க வேண்டும். காது, கண், தூக்கம், ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றை விலக்கியிருக்க வேண்டும். வாசிப்பதில், எழுதுவதில் தனியான கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது மிக சாதாரணம். மாத்திரை கவனத்தைக் கொடுக்கலாம், எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத் தராது.

உலக அளவில் பள்ளி வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியென்றால் ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர். பரம்பரையின் பங்கு இதில் மிகப் பெரியது. தாத்தா சொன்னது பாதி உண்மை: அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். வளர்ந்ததும் சரியாகிவிட்டதா என்பதை அந்த அப்பாவிடமே தனியாகக் கேட்டுப் பார்க்கலாம். ஓட்டம் குறையும். மறதி, தள்ளிப்போடுதல், பாதியில் விடுதல் ஆகியவை பலருக்குக் கூடவே வரும்.

மருந்தில்லாமல்

ஆறு வயதுக்குக் கீழே என்றால் ஒப்பீடே தேவையில்லை. பெற்றோருக்கான பயிற்சியில்தான் தொடங்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. பிரிட்டனின் 2018 வழிகாட்டுதலும் ஐந்து வயதுக்குக் கீழே இதையே சொல்கிறது. எல்.கே.ஜி. குழந்தைக்கு முதல் சந்திப்பிலேயே மாத்திரை எழுதப்பட்டால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை.

பயிற்சி என்றால் குழந்தையை உட்கார வைத்து அறிவுரை சொல்வது என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். பயிற்சி பெற்றோருக்கு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். அதை அடுத்த அறையிலிருந்து கத்திச் சொல்லாமல் அருகே போய்ச் சொல்ல வேண்டும். செய்தவுடன் பாராட்டு, அந்த நிமிடமே. பரீட்சை முடிந்ததும் சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தக் குழந்தைகளிடம் எடுபடாது, அவ்வளவு தூரம் அவர்களுக்கு எட்டாது. வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக உடைக்க வேண்டும். பள்ளியில் முன்வரிசை, ஜன்னலிலிருந்து தள்ளி. கரும்பலகையை அழிக்கவோ நோட்டுகளை எடுத்து வரவோ நடுவில் எழுப்பிவிடும் டீச்சர்.

இதன் பலம், மருந்து எட்டாத மணிநேரங்களில் இது எட்டுகிறது. காலை ஆறரையும் இரவு எட்டும் இதனுடைய நேரங்கள். வீட்டில் சத்தம் குறையும். குழந்தைக்கும் அம்மாவுக்கும் இடையே கெட்டுப்போன உறவு மெல்லத் திரும்பும். இது கிடைத்தாலே போதும் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. பாதிப்பு லேசாக இருந்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். ஒன்பதிலிருந்து மூன்றரை வரை எல்லாம் டீச்சர் கையில். அந்தப் பள்ளி ஒத்துழைக்காவிட்டால் வீட்டுப் பயிற்சி வகுப்பறைக்குள் போவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஎச்டி தனியாக இல்லை. அதனால் பள்ளியிடம் சலுகையைச் சட்டமாகக் கேட்க முடியாமல், தயவாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும். இன்னொன்று: தினமும் ஒழுங்காக, பொறுமையாக, மறக்காமல் செய்ய வேண்டிய இந்த வேலை, அதே குறைபாடு உள்ள அப்பா அல்லது அம்மாவின் தலையில்தான் பெரும்பாலும் விழுகிறது. அவர்களால் முடியவில்லை என்றால் அது அவர்கள் அன்பின் குறை அல்ல.

அபாகஸ், கையெழுத்து வகுப்பு, கராத்தே, ‘மூளைத்திறன்’ பயிற்சி, மூளை அலைகளைத் திரையில் காட்டும் சிகிச்சை என்று பணம் போகிற பாதைகள் பல. விளையாட்டு எதுவானாலும் நல்லது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. வல்லாரைத் துவையலும் நல்ல உணவு. ஆனால் இவை எவையும் பயிற்சிக்கோ மருந்துக்கோ மாற்று என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. மீன் எண்ணெய் மாத்திரையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் நேராகவே சொல்கிறது. ஒரு குடும்பத்திடம் மாதத்துக்கு இவ்வளவுதான் பணமும் நேரமும் இருக்கிறது என்றால், அது பயிற்சி தரும் உளவியலாளரிடம் போகட்டும்.

மெத்தில்ஃபெனிடேட்

இந்தியாவில் மருந்து என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இதுதான். 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டு, 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது ஊக்கி வகை, அதாவது மூளையின் செயலைத் தூண்டும் மருந்து. அந்த வகையின் கதை அதற்கும் முந்தியது. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் 30 குழந்தைகளுக்கு ஆம்பெட்டமின் என்ற ஊக்கி மருந்தைக் கொடுத்தபோது, பாதிப் பேர் திடீரென்று பாடத்தில் ஈடுபட்டார்கள். குழந்தைகளே அதைக் கணக்கு மாத்திரை என்றார்கள். ஆம்பெட்டமின் வகை மருந்துகள் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் இருக்கும் உறவினர் சொல்லும் பெயர்களை இங்கே தேடி அலைய வேண்டாம்.

மெத்தில்ஃபெனிடேட் மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களான டோபமைனும் நார்அட்ரினலினும் உடனே உறிஞ்சப்படாமல் சற்று நேரம் நிற்கச் செய்கிறது. பலன் அன்றே தெரியும், அன்றே போய்விடும். பத்தில் ஏழு குழந்தைகளுக்காவது இது வேலை செய்கிறது. 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான பெரிய ஒப்பீடு, குறுகிய காலத்துக்குக் குழந்தைகளுக்கு முதலில் இதையே தேர்வு செய்யச் சொன்னது.

குறைநேர மாத்திரை மூன்று நான்கு மணிநேரம். நெடுநேர மாத்திரை, தயாரிப்பைப் பொறுத்து, 6 முதல் 12 மணிநேரம் வரை. இந்த இரண்டுக்கும் இடையே முடிவு செய்வதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் வீட்டில் நிஜமாக அனுபவிக்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. குறைநேர மாத்திரையில் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது எளிது, விலையும் குறைவு, மதியம் பலன் போனபின் பசி திரும்பும். ஆனால் மதியத்துக்கு இரண்டாவது வேளை தேவைப்பட்டால் பள்ளியில் யார் கொடுப்பது? எல்லார் முன்னாலும் மாத்திரை விழுங்கும் பையனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? நெடுநேர மாத்திரை அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, காலையில் ஒருமுறை போதும். விலை கூடுதல். உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும். மாத்திரை விழுங்கத் தெரியாத குழந்தைக்கு அதுவே தடை. மதிய உணவும் அடிபடும்.

அடிபடும் என்றால் எப்படி என்று சொல்கிறேன். அக்கா மகன் மருந்து தொடங்கிய வாரத்தில் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பியபடியே திரும்பி வந்தது. தயிர்சாதம் ஓரத்தில் காய்ந்திருந்தது. அவன் சண்டை போட்டு வாங்கித் தின்னும் உருளைக்கிழங்கு வறுவல் தொடப்படவே இல்லை. அக்கா அழுதுவிட்டாள். சாப்பாடு இறங்காத குழந்தையைப் பார்ப்பது நம் அம்மாக்களுக்கு மதிப்பெண் குறைவதைவிடப் பெரிய வலி. டாக்டர் மருந்தை மாற்றவில்லை, நேரத்தை மாற்றினார்: முதலில் இட்லியோ பொங்கலோ வயிறு நிறைய, பிறகு மாத்திரை. நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் மதிய உணவே மறுபடி சூடாக. ராத்திரி அவன் கேட்கிற அளவுக்குத் தோசை. எடை இப்போது குறையாமல் நிற்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி எளிதில் சரியாவதில்லை. எடை இறங்கிக்கொண்டே போனால் அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் தோல்வி ஆகாது.

மற்ற பக்கவிளைவுகள்: தூக்கம் தள்ளிப்போவது, தலைவலி, வயிற்றுவலி, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்றுக் கூடுவது. பலன் இறங்கும் வேளையில் சில குழந்தைகள் ஒரு மணிநேரம் போல எரிந்து விழுவார்கள். அந்த நேரத்தில் வீட்டுப்பாடத்தைத் திறக்காமல் தெருவில் விளையாட விடுவது எங்கள் வீட்டில் பலித்தது. உயரம் பற்றிய பயத்துக்கு ஆதாரம் உண்டு. தொடர்ந்து எடுத்தவர்களிடம் மூன்று ஆண்டுகளில் சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் பதிவாகியிருக்கிறது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, ரத்த அழுத்தம் மூன்றையும் அளந்து எழுதி வைக்காத டாக்டரிடம் இந்த மருந்தைத் தொடராதீர்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இதயம் நின்று இறந்திருந்தால் மருந்து தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் ஆண்டுக்கணக்கில் எடுக்கும்போது ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும் என்பதை 2024இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு மறுபடி வலியுறுத்தியது. நானும் வீட்டில் அளக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

“அடிமையாகிவிடுவானா?” மருத்துவர் சொன்ன அளவில், வாய்வழியாக எடுக்கும் குழந்தை அடிமையாவதில்லை, பிற்காலத்தில் போதைப் பழக்கம் வரும் வாய்ப்பையும் இது கூட்டுவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விடுதியில் பரீட்சைக்கு முந்தின இரவு நண்பர்கள் கேட்பார்கள், கொடுப்பவனும் உண்டு. அது குற்றமும்கூட.

இந்தியச் சட்டம் இதை எக்ஸ் அட்டவணையில் வைத்திருக்கிறது. சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் எடுத்து இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அதற்கென்று தனி உரிமம் பெற்ற கடையில்தான் விற்கலாம். நடைமுறையில் இதன் பொருள், தெருமுனைக் கடையில் கிடைக்காது. சீட்டை நீட்டினால் கடைக்காரர் முதலில் சீட்டைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார், பிறகு உள்ளே போய் நோட்டு எடுத்து வருவார். பெயர், முகவரி, டாக்டர் பதிவு எண் எல்லாம் எழுதும்வரை வரிசையில் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். முதல் தடவை என் முகம் சூடாகிவிட்டது. பிறகு பழகிவிட்டது, அந்தக் கட்டுப்பாடு என்னைச் சந்தேகித்து வைத்ததல்ல. ஆனால் சிறிய ஊரில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். மாதந்தோறும் அடுத்த ஊர் போய் வாங்க வேண்டிய மருந்து நடுவில் நின்றுபோகும் மருந்து. அப்படிப்பட்ட வீட்டுக்கு அடுத்து சொல்லப்போகும் வழி பொருந்தலாம்.

அட்டமாக்ஸிடின்

இது ஊக்கி வகை அல்ல. அமெரிக்காவில் 2002இல் அனுமதி பெற்றது. எக்ஸ் அட்டவணையில் இல்லாததால் வாங்குவது எளிது. பலன் அன்றே தெரியாது. முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். சராசரியாகப் பார்த்தால் மெத்தில்ஃபெனிடேட்டைவிடச் சற்று மிதமான பலன்தான். ஆனால் அதற்கு மணிக்கணக்கு இல்லை. காலையில் எழும்போதும் இரவு படுக்கும்போதும் இருக்கும். நாள் முழுக்கச் சிதறுகிற குழந்தைக்கு, கண், முகம், தோள் தன்னிச்சையாக வெட்டியிழுக்கும் (டிக்) குழந்தைக்கு, பதற்றமும் சேர்ந்தவருக்கு, வீட்டில் யாருக்காவது போதைப் பழக்கம் இருப்பதால் ஊக்கி மருந்தை வைத்திருக்க அஞ்சுபவர்களுக்கு இது முதல் தேர்வாகவே இருக்கலாம்.

குமட்டல் வரும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். சிலருக்குத் தூக்கக் கலக்கம். மிக அரிதாகக் கல்லீரல் பாதிப்பு. தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் சில குழந்தைகளிடம் தலைதூக்கலாம் என்று 2005இலிருந்து இந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கை உண்டு. அரிதுதான், ஆனால் பையன் திடீரென்று ஒதுங்கினாலோ, செத்துப்போவதைப் பற்றிப் பேசினாலோ அன்றே டாக்டரை அழைக்க வேண்டும். ஞாயிறு விடுமுறை, கோடை விடுமுறை என்று விட்டுவிட்டு எடுக்க இது தோதுப்படாது. மெத்தில்ஃபெனிடேட்டில் அது டாக்டர் ஒப்புதலோடு முடியும். பசிக்கும் வளர்த்திக்கும் இடைவெளி கொடுக்கச் சிலர் அப்படிச் செய்கிறார்கள்.

குளோனிடின் என்ற ரத்த அழுத்த மருந்தும் சில குழந்தைகளுக்கு, குறிப்பாகத் தூக்கமும் ஆத்திரமும் சிக்கலாக இருந்தால், சேர்க்கப்படுகிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

இரண்டும் சேர்ந்தால்

மருந்தா, பயிற்சியா என்று மோதவிட்டு நடத்திய மிகப் பெரிய ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தது. ஏழு முதல் ஒன்பது வயது வரையான 579 குழந்தைகள், 14 மாதம், முடிவு 1999இல் வெளியானது. நான்கு குழுக்கள்: கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, தீவிரப் பயிற்சி, இரண்டும், ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை. கவனக்குறைவையும் ஓட்டத்தையும் குறைப்பதில் முதல் குழுவும் மூன்றாம் குழுவும் தெளிவாக முன்னால் நின்றன. இரண்டும் சேர்ந்த குழுவுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது.

மருந்துக்கு ஆதரவானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் இன்னும் இரண்டைச் சேர்ப்பேன். நான்காம் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் அதே வகை மருந்துகளைத்தான் எடுத்தார்கள், ஆனாலும் முதல் குழு அளவுக்கு முன்னேறவில்லை. வேறுபாடு, முதல் குழுவை மாதம் ஒருமுறை அரைமணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து, டீச்சரிடம் கேட்டு, அளவைத் திருத்தினார்கள் என்பதில் பெரிதும் இருந்தது. இரண்டாவது, ஆய்வு முடிந்து குழந்தைகள் அவரவர் வழியில் போன பிறகு, மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் மறைந்திருந்தது. இதைக் காட்டி மருந்து வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் படித்த வரையில் அது காட்டுவது, இந்த மருந்து எடுக்கும் காலத்தில், கவனிக்கப்படும் காலத்தில் உதவுகிறது. சிறு வயதில் எடுத்த 14 மாதம் ஆயுளுக்கும் சேமிப்பாக நிற்பதில்லை. பயிற்சிக்கும் இதே கதிதான். ஒருமுறை செய்து முடிக்கும் முடிவாக இதை எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

வளர்ந்த பிறகு யார் முடிவு?

எட்டு வயதில் பெற்றோர் முடிவெடுக்கலாம். பன்னிரண்டில் கேட்டே ஆக வேண்டும். பதினைந்தில் அவனோ அவளோ ஒப்புக்கொள்ளாத மாத்திரை நாக்கின் அடியிலிருந்து வாஷ்பேசினுக்குப் போகும். “எடுத்தால் நான் நானாக இல்லை, சிரிப்பே வரவில்லை” என்று பிள்ளை சொன்னால் அது அடம் அல்ல, பெரும்பாலும் அளவு கூடிப்போனதன் அடையாளம். டாக்டரிடம் அவனே சொல்லட்டும், தனியாக.

நம் ஊரில் இந்த வயதோடு பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் நீட்டும் வந்து சேருகின்றன. பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பு மருந்து கேட்டு வரும் பெற்றோர் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. அளவு பிடிபடவே வாரங்கள் ஆகும், தூக்கம் கெட்டால் படித்ததும் போகும், பிள்ளைக்கு இது மதிப்பெண் மாத்திரை என்று பதிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பின் ஜூன் மாதம் தொடங்குவதற்கு நல்ல நேரம்.

“கல்யாணப் பேச்சில் தெரிந்தால்?” என்ற பயம் பெண் பிள்ளைகளின் வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாமல் முடிவைத் தீர்மானிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. அந்தப் பயத்தால் சிகிச்சை கிடைக்காமல் வளர்ந்த பெண்கள், “சோம்பேறி, பொறுப்பில்லாதவள்” என்ற பெயரைத்தான் புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அந்தப் பெயரோடு வளர்ந்தவளாகச் சொல்கிறேன், அதைவிட மாத்திரை லேசானது.

பெரியவர்களின் நாளில் ஒரு மணிநேரம் அடிக்கடி விட்டுப்போகிறது: மாலை வீடு திரும்பும் நேரம். காலை எட்டுக்கு எடுத்தது ஆறு மணிக்கு இறங்கியிருக்கும், ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் இருப்போம். ஸ்வீடனில் 17,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வில், மருந்து எடுத்த காலங்களில் ஆண்களின் கடுமையான சாலை விபத்துகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. பெண்களிடம் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இரவுப் பணி, நீண்ட தூரம் வண்டி ஓட்டும் வேலை என்றால் இந்த மணிநேரத்தை டாக்டரிடம் குறிப்பாகச் சொல்லுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே பேச வேண்டும். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகிறவர்கள் மெத்தில்ஃபெனிடேட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. அந்த நாடுகளில் முன்அனுமதி வாங்கியே கொண்டுபோக வேண்டும்.

என் தேர்வு

பாதிப்பு லேசு, பள்ளி ஒத்துழைக்கிறது என்றால் பயிற்சி மட்டும், ஆறு மாதம். பாதிப்பு நடுத்தரமோ கடுமையோ, குழந்தை தன்னையே வெறுக்கத் தொடங்கியிருக்கிறது என்றால் பயிற்சிக்காக மருந்தையும் மருந்துக்காகப் பயிற்சியையும் காக்க வைக்க மாட்டேன். மெத்தில்ஃபெனிடேட்டைக் குறைந்த அளவில், பள்ளி நடக்கும் சாதாரண மாதமாகப் பார்த்துத் தொடங்குவேன். அது ஒத்துவராவிட்டால், அல்லது கடை தூரமாக இருந்தால், அட்டமாக்ஸிடின், இரண்டு மாதப் பொறுமையோடு. உறவினர்களைச் சமாதானப்படுத்துவதற்காக எதையும் தொடங்கவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன்.

எந்த மருந்தானாலும் தொடங்குவதற்கு முந்தின வாரத்தை நோட்டில் எழுதி வையுங்கள், தொடங்கிய பின் அதே நோட்டில் அதே நேரங்களை எழுதுங்கள். முடிந்தால் மருந்து பற்றித் தெரியாத ஒரு டியூஷன் டீச்சரிடம் இரண்டு வாரம் கழித்து எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, இன்னும் தேவையா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். தேவைப்பட்டால் அவர் மேற்பார்வையில் சில நாள் நிறுத்திப் பார்க்கலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர்களைப் பார்க்கலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், இருபத்து நான்கு மணிநேரமும் எடுப்பார்கள்.

அக்கா வீட்டில் இப்போது காலையில் குறைநேர மாத்திரை, ராத்திரி பத்து நிமிட வீட்டுப்பாடம். டைரிப் புகார் குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. மதிய வகுப்புகள் இன்னும் கடினமாக இருக்கின்றன. நான்காம் வகுப்பில் பள்ளி நேரம் கூடுவதால் நெடுநேர மாத்திரைக்கு மாறலாமா என்பது அடுத்த கேள்வி. மாமாவுக்கு விலை பற்றிய யோசனை, அக்காவுக்கு மதியச் சாப்பாடு பற்றிய கவலை. “எனக்கு மதியம்தான் ஓவியம், அதற்கு மாத்திரை வேண்டாம்” என்கிறான் அவன். அந்த வரியையும் நோட்டில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.